ஆயிரத்து இருநூறு என்று டைப் அடித்தது நான்தான்

போன வாரம் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டி.வி.யில் அந்த நடிகர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை வேறு ஆப், வேறு சட்டை, அதே சிரிப்பு. வீட்டுக்கே வந்து ஏ.சி. கழுவித் தருவார்கள், குழாய் மாற்றுவார்கள், முகத்துக்கு ஃபேஷியல்கூடப் போட்டுவிடுவார்கள், எல்லாமே பாதி விலைக்குக் கீழே, இன்றைக்கே புக் பண்ணுங்க என்று விரலை நீட்டினார். நான் ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் குறைத்தேன். "இன்னும் அந்தக் கோபம் போகலையா?" என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்லவில்லை. கோபம் என்றால் இத்தனை வருஷத்தில் ஆறியிருக்கும். பல் இடுக்கில் மாட்டிய மாம்பழ நார் மாதிரி இது ஒன்று உள்ளேயே கிடக்கிறது, நாக்கு போய்ப் போய் அதையே தொடுகிறது. சரி, எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் சித்தி காட்பாடி காந்தி நகரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறார். பார்லர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டின் முன்பக்க ரூமில் இரண்டு நாற்காலி, ஸ்கிரீன் மறைவில் ஒரு ஃபேஷியல் கட்டில், ஒரு ஏ.சி., கூடமாட உதவிக்கு ஒரு பெண். ராணிப்பேட்டைப் பக்கம் சித்தப்பா வேலை பார்த்த டேனரியை மூடியபோது ஆரம்பித்தது. புருவம் திருத்த வருகிறவர்கள்தான் அன்றாட வருமானம். ஃபேஷியல் மாதத்துக்குப் பதினைந்து வந்தால் நல்ல மாதம். நான் வேலூரில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுபவன். காந்தி ரோடு லாட்ஜ், மண்டி வீதி மளிகைக் கடை, ஒரு ஸ்டீல் பாத்திரக் கடை என்று பத்துப் பன்னிரண்டு இடம். சித்தி கணக்கையும் நான்தான் பார்ப்பேன், சம்பளம் ஒரு டம்ளர் காபியும் ஓசி ஹேர்கட்டும்.

2017 கோடையில் அந்த விளம்பரம் எட்டு மணி சீரியலுக்கு நடுவில் ஓட ஆரம்பித்தது. ஹோட்டல், சலூன், ஸ்பா, ஜிம் என்று ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் ஆன்லைனில் கூப்பன். கடைக்குப் போய் போனைக் காட்டினால் போதும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்தார் அந்த நடிகர். பெயர் வேண்டாம், அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. சித்தி காலேஜ் படித்த காலத்தில் அவர் படம் போட்ட அட்டையில்தான் நோட்டு வைத்திருப்பாராம். அந்த ஒரு தகவல் மட்டும் போதும்.

மே மாதம் ஒரு பையன் பைக்கில் வந்தான். கம்பெனி ஐ.டி. கார்டு கழுத்தில், அந்த வெயிலிலும் ஃபுல் கை சட்டை. வேலூர் மே மாதம் தெரிந்தவர்களுக்கு அந்தச் சட்டை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சித்தி முதலில் மோர் கொடுத்தார். அவன் "அக்கா, அக்கா" என்று பேசினான். கமிஷன், ஒப்பந்தம், எத்தனை நாளில் பணம் வரும் என்றெல்லாம் அவன் சொன்னபோது சித்தி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சந்தேகமாகவே கேள்வி கேட்டேன். பையன் விவரமானவன். பேச்சை நிறுத்திவிட்டு டேப்லெட்டைத் திருப்பி அந்த விளம்பரத்தைப் போட்டான். டி.வி.யில் பார்த்ததுதான், ஆனால் அவன் வைத்திருந்தது கொஞ்சம் நீளமானது, நடிகர் ஒரு பார்லர் அக்காவிடம் பேசுகிற மாதிரி ஒரு காட்சி அதில் கூடுதலாக இருந்தது. "இன்னா கண்ணு, இது டி.வி.ல வரலியே" என்றார் சித்தி. "இது உங்கள மாதிரி பார்ட்னருக்கு மட்டும் அக்கா. இனிமே ஆப்புல உங்க கடை பேரு வரும், மேலயே இவரு போட்டோ வரும்."

சித்தி ஸ்கிரீனுக்குப் பின்னால் இருந்த பெண்ணைக் கூப்பிட்டார். "ஏய், இங்க வந்து பாரு." இருவரும் குனிந்து மறுபடியும் ஒருமுறை பார்த்தார்கள். ஐம்பது ரூபாய் குறைத்துக் கேட்கிற ஆளிடம் அரை மணி நேரம் வாதாடுகிற என் சித்தி, பேனா எங்கே என்று கேட்டது அப்போதுதான்.

படிவத்தை நிரப்பியது நான். கோல்டு ஃபேஷியல், வழக்கமான விலை என்று ஒரு கட்டம் இருந்தது. சித்தி வாங்குவது 800. நான் 800 என்று அடித்தேன். பையன் எட்டிப் பார்த்து, "சார், அத 1,200-னு போடுங்க. நாம 499-க்குக் குடுக்கறோம். 800-ல இருந்து 499-ன்னா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. 1,200-ன்னா 58 பர்சன்ட் ஆஃபர் ஆயிடும். எல்லாரும் இப்படித்தான் போடறாங்க" என்றான். நான் 8-ஐ அழித்துவிட்டு 12 போட்டேன். இரண்டு விநாடி வேலை.

மேலே ஆபீஸ், கீழே கடை

இந்த வியாபாரம் எங்கே ஆரம்பித்தது என்று பிறகு ஒரு நாள் உட்கார்ந்து தேடிப் படித்தேன். 2008-இல் சிகாகோவில் குரூப்பான் என்ற கம்பெனி. அவர்களுடைய முதல் டீல், அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருந்த பாரில் பாதி விலைக்கு பீட்சா. மேலே ஆபீஸ், கீழே கடை. இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கீழே பீட்சா போடுகிறவன் முகம் மேலே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும், மத்தியானம் பசித்தால் இறங்கிப் போய்ச் சாப்பிட்டிருப்பான், அடுப்பில் எத்தனை போட முடியும் என்றுகூடத் தெரிந்திருக்கும். குறைந்தது இத்தனை பேர் வாங்கினால்தான் டீல் செல்லும் என்று ஒரு விதி. கூட்டமாக வந்தால் குறைத்துத் தருகிறேன் என்று நம் ஊர்ப் புடவைக் கடைக்காரர் சொல்வதுதானே அது, கல்யாணத்துக்கு ஆரணிக்கு ஒரு வேன் நிறையப் போய் இறங்கினால் கிடைக்கிற மரியாதை.

அப்புறம் கம்பெனி வேகமாக வளர்ந்தது. 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் சூப்பர் பௌல் கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு நடுவில், உலகத்திலேயே விலை உயர்ந்த விளம்பர நேரங்களில் ஒன்றில், டிமோதி ஹட்டன் என்ற நடிகரை வைத்து ஒரு விளம்பரம் போட்டார்கள். ஆஸ்கர் வாங்கிய நடிகர். பனிமலை, புத்த மடம் எல்லாம் காட்டி, திபெத் மக்கள் கஷ்டத்தில் இருக்கிறார்கள், அவர்கள் பண்பாடே ஆபத்தில் இருக்கிறது என்று உருக்கமாக ஆரம்பிக்கிறார். கேட்கிறவர்கள் நிதி கேட்கப் போகிறாரோ என்று நினைக்கும் நேரத்தில், ஆனாலும் மீன் குழம்பு பிரமாதமாக வைப்பார்கள், சிகாகோவில் ஒரு ஹோட்டலில் 30 டாலர் சாப்பாடு எங்களுக்கு 15 டாலருக்குக் கிடைத்தது என்று முடிக்கிறார். நன்கொடை விளம்பரங்களைக் கிண்டல் செய்ய நினைத்து எடுத்ததாம். திட்டு வாங்கி, சில நாளிலேயே நிறுத்தினார்கள். நான் யூடியூபில் அதைப் பார்த்தபோது குளிர்காலத்தில் நம் ஊருக்கு ஸ்வெட்டர் விற்க வரும் திபெத்தியர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். வேலூரில் ஸ்வெட்டரா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், மார்கழி விடியலில் பாலாற்றுப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்க்கட்டும். நான் ஸ்வெட்டர் வாங்குகிற கடையில் ஒரு வயதான அம்மா, பேரமே கிடையாது, ஒரே விலை. முதல் வருஷம் முறைத்துக்கொண்டு போனேன். இரண்டாவது வருஷம் அந்த அம்மாவிடமே வாங்கினேன். எல்லாருக்கும் ஒரே விலை என்றால் யாரும் ஏமாறவில்லை என்று புரிய எனக்கு ஒரு குளிர்காலம் ஆகியிருக்கிறது.

இந்தியாவுக்கும் அந்தக் கம்பெனி 2011-லேயே வந்தது, சோசஸ்தா என்ற நிறுவனத்தை வாங்கிக்கொண்டு. 2013-இல் வெங்காய விலை ஏறியிருந்தபோது கிலோ 9 ரூபாய்க்கு வெங்காயம் என்று அறிவித்து, கூட்டம் தாங்காமல் சைட்டே படுத்துவிட்டது, சிலருக்கு ஞாபகம் இருக்கும். 2015-இல் அது நியர்பை என்று பெயர் மாறியது. ஸ்னாப்டீல் கூட 2010-இல் ஆரம்பிக்கும்போது இப்படி ஹோட்டல், சலூன் கூப்பன் விற்கிற கம்பெனிதான். சீக்கிரமே அதை விட்டுவிட்டுப் பொருள் விற்கப் போய்விட்டார்கள், அமீர் கான் விளம்பரத்தில் வந்ததெல்லாம் அதற்குப் பிறகு. ஏன் விட்டார்கள் என்பது கணக்கு எழுதுகிறவனுக்குச் சொல்லாமலே புரியும். செருப்பை ஆயிரம் ஜோடி செய்து குடோனில் அடுக்கலாம். புருவத்தை அடுக்க முடியாது. ஒரு நூல், இரண்டு கை, ஒரு முகம், பத்து நிமிஷம், அதற்குமேல் அதில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை.

எல்லாக் கடைக்கும் இது நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் உத்பல் தோலாகியா 2010-இல் குரூப்பான் டீல் போட்ட 150 கடைக்காரர்களிடம் விசாரித்திருக்கிறார். மூன்றில் இரண்டு பங்குக் கடைகளுக்கு லாபம்தான். மூன்றில் ஒரு பங்குக்கு நஷ்டம், இன்னொரு முறை இதைச் செய்ய மாட்டோம் என்றவர்கள் 40 சதவீதத்துக்கும் மேல். ராத்திரி காலியாகக் கிடக்கும் லாட்ஜ் ரூமை 499-க்குக் கொடுத்தாலும் அது வரவுதான், காந்தி ரோட்டில் எனக்கே தெரியும். ஆனால் கையால் செய்கிற வேலைக்கு வேறு கதை. இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் ஒரு கேக் கடை 2011-இல் முக்கால் பங்கு தள்ளுபடி போட்டு, 8,500 பேர் வாங்கிவிட, 1,02,000 கப் கேக் சுட வேண்டிய நிலைக்கு வந்து, கூலிக்கு ஆள் பிடித்து, அந்த வருஷ லாபமே போயிற்று. எல்லாம் ஏற்கெனவே செய்தியில் வந்திருந்தது. நான்தான் 2017-க்குப் பிறகு படித்தேன்.

டீச்சர் கேட்டது

முதல் மாதம் 64 கூப்பன் வந்தது. சித்திக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் செருப்பு வைக்க இடமில்லை என்று போனில் சொல்லும்போது குரலே வேறு மாதிரி இருந்தது. வந்தவர்களில் பெரும்பாலும் வி.ஐ.டி. மாணவிகள், ஆந்திரா, பீகார், டெல்லி என்று எங்கெங்கோ இருந்து வந்து படிக்கிற பெண்கள். ஷேர் ஆட்டோவில் நாலைந்து பேராக வந்து இறங்குவார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த மாதம் அவர்கள் வேறு பார்லரில் வேறு கூப்பனில் இருப்பார்கள், அவ்வளவுதான்.

மாதக் கடைசியில் கணக்குப் போட்டேன். 499-இல் கம்பெனி கால்வாசி எடுத்துக்கொண்டு சித்திக்குத் தருவது 374 ரூபாய். ஃபேஷியல் கிட் 220. கையில் நிற்பது 154. 64 முகத்துக்கு 9,856 ரூபாய். அதற்கு முந்தைய மாதம் கூப்பன் இல்லாமல் வந்த 15 பேரிடம் 800 வாங்கி, கிட் செலவு போக நின்றது 8,700. அந்த 15 பேரில் ஒருவருக்கும் இந்த மாதம் நாற்காலி கிடைக்கவில்லை, போன் செய்தவர்களுக்கெல்லாம் அப்புறம் வாங்க என்று சொல்லி அனுப்பியாயிற்று. ஆக, 49 முகம் கூடுதல், 1,156 ரூபாய் கூடுதல். ஒரு முகத்துக்கு 24 ரூபாய்கூட இல்லை. ஒரு மணி நேரம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே செய்கிற வேலை. புருவம் திருத்தினாலே அப்போது 30 ரூபாய். அதிகமாக ஓடிய ஏ.சி.யின் கரண்ட் பில் இன்னும் வரவே இல்லை.

இதைச் சித்தியிடம் சொல்லலாம் என்று ஒரு சனிக்கிழமை போனேன். கூட்டம். ஓரமாக உட்கார்ந்து பில்லை எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஃபேஷியல் சாமான் வைக்கும் ட்ரேயில் ஒரு மசாஜ் கிரீம் பாக்கெட், பாதியில் மடித்து, மேலே தலைக்குக் குத்துகிற கறுப்புக் கிளிப் போட்டு மூடி வைத்திருந்தது. பக்கத்தில் ஸ்க்ரப், அதற்கும் ஒரு கிளிப். ஜெல்லுக்கு ஒன்று. ஒரு ஆளுக்கு ஒரு கிட் என்பதுதான் கணக்கு, நான் 220 என்று எழுதுவதும் அதைத்தான். சித்தி நான் பார்ப்பதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ட்ரே மேல் ஒரு டவலைப் போட்டார். இருபது வருஷமாக யாருக்கும் பழைய பிளேடு போட்டதில்லை, யார் முகத்துக்கும் தேதி போன கிரீம் தடவியதில்லை என்று பெருமையாகச் சொல்கிற ஆள்.

அப்போதுதான் டீச்சர் வந்தார். தெருக்கோடியில் வீடு, கவர்ன்மென்ட் ஸ்கூலில் வேலை. பார்லர் ஆரம்பித்த முதல் மாதத்திலிருந்து வருகிறவர், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஃபேஷியல், மற்ற மாதம் ஐப்ரோ. முதல் வருஷம் சித்தியிடம் சில்லறை இல்லாதபோதெல்லாம் மீதியை அப்புறம் வாங்கிக்கிறேன் என்று போனவர், வாங்கியதே இல்லை. அன்றைக்குத் தங்கை வீட்டு நிச்சயதார்த்தத்துக்காக ஃபேஷியல் போட வந்தார். இரண்டு நாற்காலியும் கட்டிலும் நிறைந்திருக்க, பெஞ்சில் ஒரு மாணவி பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பெண் போனில் கூப்பனைத் திறந்து வைத்திருந்தாள். டீச்சர் ஆயிற்றே, பக்கத்தில் எழுத்து இருந்தால் படிக்காமல் இருக்க முடியுமா. கோடு அடித்த 1,200, பக்கத்தில் பச்சையில் 499, கீழே இன்னும் மூன்றே கூப்பன்தான் இருக்கிறது என்று சிவப்பில் ஒரு மிரட்டல், மேலே நடிகர்.

அவர் சத்தம் போடவில்லை. "ஏம்மா, எனக்கும் அந்த விலைதானே?" என்று சித்தியிடம் கேட்டார். சித்தி என்னைப் பார்த்தார். நான் எழுந்து, "டீச்சர், அது ஆன்லைன்ல வர்றவங்களுக்கு... அந்த விலை சும்மா போட்டது" என்றேன்.

"எது சும்மா? ஆயிரத்து இருநூறா, ஐந்நூறா, இல்ல இத்தினி வருஷமா நான் குடுத்துக்கினு இருக்கற எட்டுநூறா?"

கையில் பேனாவோடு நின்றேன். இந்த மூன்றில் எது சும்மா என்று எனக்கு நிஜமாகவே சொல்லத் தெரியவில்லை. 1,200-ஐ அடித்தது நான். 499-இல் கிட்டைப் பாதியாக மடித்துக் கிளிப் போட வேண்டியிருக்கிறது. நேர்மையான விலை 800 மட்டும்தான், ஆனால் அந்த மூன்றில் ஏமாளி விலையாகத் தெரிவதும் அதுதான். கட்டிலில் படுத்திருந்த பெண் கண்ணில் வெள்ளரித் துண்டோடு என்ன நடக்கிறது என்று இந்தியில் தோழியைக் கேட்டாள். ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது.

சித்தி, "நீங்க வாங்க டீச்சர், உங்களுக்கும் ஐந்நூறுதான்" என்றார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. "எனக்குத் தள்ளுபடி வேணாம்மா" என்று சொல்லிவிட்டு டீச்சர் புருவம் மட்டும் திருத்திக்கொண்டார். மூன்று பத்து ரூபாய் நோட்டை எண்ணி மேஜைமேல் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் வரவில்லை. மார்க்கெட்டில் பார்த்தால் சிரிப்பார், சித்தியும் சிரிப்பார்.

அந்த முகம் யாருக்கு

இந்த இடத்தில்தான் நான் வருஷக்கணக்காகச் சுற்றிச் சுற்றி வருகிறேன். அந்த நடிகரை நம்பி யார் வந்தது? வி.ஐ.டி. பெண்களில் பாதிப் பேருக்கு அவர் யார் என்றே தெரியாது. போனில் தேடினார்கள், பக்கத்தில் எது மலிவு என்று பார்த்தார்கள், வந்தார்கள். டீச்சர் அவரைப் பார்த்து ஏமாறவில்லை, கணக்குக் கேட்டார். கம்பெனி அவருக்கு எத்தனை லட்சமோ கோடியோ கொடுத்து எடுத்த அந்த விளம்பரம், எனக்குத் தெரிந்து முழுசாக வேலை செய்தது ஒரே ஒரு ஆளிடம்தான், அது கூப்பன் வாங்குகிற ஆள் இல்லை. பேனா எங்கே என்று கேட்ட என் சித்தியிடம். வாடிக்கையாளர்களுக்கு என்று நாம் நினைத்துக்கொண்டு பார்க்கிற விளம்பரத்தில் நீளமான பதிப்பு ஒன்று அந்தப் பையனின் டேப்லெட்டில் இருந்ததே, அதை நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். கூப்பன் வாங்க ஆள் சுலபமாகக் கிடைத்துவிடும், பாதி விலை என்றால் யார் வேண்டாம் என்பார்கள். தன் பிழைப்பைப் பாதி விலைக்குத் தர ஒப்புக்கொள்கிற கடைக்காரர்தான் கிடைப்பது கஷ்டம். அந்தச் சிரிப்பு அவர்களுக்காக.

நம் ஊரில் விளம்பரத்தில் முகம் காட்டுவது புதிதில்லை. வசந்த் அண்ட் கோ வசந்தகுமார் வருஷக்கணக்கில் தானே வந்து சிரித்தார், லலிதா ஜுவல்லரி கிரண் குமார் மொட்டைத் தலையோடு தானே வந்து பேசுகிறார், சரவணா ஸ்டோர்ஸ் அண்ணாச்சி ஹீரோயின்களோடு ஆடியபோது ஊரே கலாய்த்தது. நானும் கலாய்த்தேன். இப்போது பார்த்தால் அதில் ஒரு நியாயம் தெரிகிறது, டி.வி. வாங்கி ரிப்பேர் ஆனால் திட்டுவதற்கு அந்த முகத்துக்கே ஒரு கடை இருக்கிறது. சித்தியின் கோபத்தை எந்தக் கடையில் போய்க் காட்டுவது? கம்பெனி நம்பருக்கு அடித்தால் இந்திக்கு ஒன்றை அழுத்தவும்.

நடிகர்களைக் கேள்வி கேட்கவும் சட்டம் வந்துவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்தில் நடிப்பவருக்கு 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம், ஒரு வருஷம் வரை விளம்பரத்தில் தலைகாட்டத் தடையும் போடலாம். சொல்வது உண்மையா என்று முறையாக விசாரித்துவிட்டு நடித்திருந்தால் தப்பிக்கலாம். 2022 ஜூனில் வந்த விதிகளில் எனக்குப் பிடித்தது, பொடி எழுத்தில் போடும் நிபந்தனைகள் விளம்பரம் பேசுகிற அதே மொழியில் இருக்க வேண்டும் என்பது. எங்கள் நடிகர் தமிழில்தான் உருகினார், அடியில் எறும்பு ஊர்வதுபோல ஓடியது இங்கிலீஷ். இன்னும் மூன்றே கூப்பன் என்று அவசரப்படுத்துவதையும் 2023 நவம்பரில் தடை செய்த உத்திகளில் சேர்த்திருக்கிறார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் இதெல்லாம் வாங்குகிறவரைக் காப்பாற்ற வந்தது. 1,200 என்ற பொய் விலைக்கு யாரைப் பிடிப்பது என்று கேட்டால், நடிகர் வாயில் அந்த எண் வரவில்லை, கம்பெனியைக் கேட்டால் கடைக்காரர் கொடுத்த விலை என்பார்கள், கடைக்காரர் பெயரில் அதை அடித்தவன் இதோ உட்கார்ந்து கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறான்.

நானும் யோக்கியன் இல்லை. அதே மே மாதம், இதே மாதிரி இன்னொரு ஆப்பில் என் வீட்டு ஏ.சி.க்கு 299-க்கு சர்வீஸ் புக் பண்ணினேன். வாலாஜாவிலிருந்து பைக்கில் ஒருவர் வந்தார். கழற்றிப் பார்த்துவிட்டு கேஸ் குறைவு, 2,400 ஆகும் என்றார். நான் கத்தினேன். டி.வி.யில் 299 என்றுதானே சொல்கிறார்கள் என்று அந்த ஆப்பின் விளம்பரத்தையே சாட்சிக்கு இழுத்தேன். அவர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே, "சார், 299-ல எனக்கு வர்றது போக வர பெட்ரோலுக்குக் கட்டாது. கேஸு, காயிலுன்னு எதுனா சொல்லித்தான் ஆகணும். உங்க ஏ.சி.ல கேஸ் நல்லாத்தான் கீது" என்றார். அவ்வளவு நேர்மையாக ஒருவர் என்னை ஏமாற்ற வந்ததைச் சொன்னது அதுதான் முதல் தடவை. 500 ரூபாய் கொடுத்தேன். நம்பர் வாங்கி வைத்துக்கொண்டேன், இன்றுவரை அவர்தான் வருகிறார், விலை அவர் சொல்வதுதான். அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு பக்கம் அந்த ஆளை வைத்துச் சிரித்துக்கொண்டு, இன்னொரு பக்கம் சித்தியின் ட்ரேயில் கிளிப்பைப் பார்த்தபோது எனக்கு இரண்டும் ஒன்று என்று தோன்றவே இல்லை. டீச்சர் கேட்டபிறகுதான் தோன்றியது.

சித்தி அந்த வருஷம் தீபாவளியோடு கூப்பனை நிறுத்தினார். ஏற்கெனவே விற்றதை எல்லாம் செய்து கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள், செய்து கொடுத்தார். கடைசி இரண்டு மாதம் கிட்டைப் பாதியாக்கவில்லை, முழுசாகவே போட்டார். நஷ்டம் என்று நான் சொன்னதற்கு, "போட்டும் கண்ணு" என்றார், அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. கடைசித் தவணைப் பணம் பொங்கல் கழித்து வந்தது, அதில் ஏதோ பிடித்தம் வேறு.

டீச்சர் 2019-இல் ஒரு நாள் வந்தார். நான் அன்றைக்கு இல்லை. எதுவுமே நடக்காத மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்தாராம். எவ்வளவு என்று போகும்போது கேட்டாராம். ஐப்ரோவுக்குச் சித்தி ஐந்து ரூபாய் ஏற்றியிருந்தார், அதைத் தயங்கிக்கொண்டே சொன்னாராம். டீச்சர் கொடுத்துவிட்டுப் போனார்.

கண்ணாடிக் கதவில் கம்பெனிக்காரன் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் மட்டும் இன்னும் இருக்கிறது. தேங்காய் எண்ணெய், வெந்நீர், பிளேடு எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, வரவில்லை, நல்ல பசை. மேற்குப் பார்த்த வாசல். வேலூர் வெயிலில் சிவப்பும் மஞ்சளும் போய் நடிகர் முகம் இப்போது முழுக்க நீலமாக இருக்கிறது. போன வாரம் சித்தி அவர் நெற்றிமேல் புது ரேட் சீட்டு ஒட்டியிருந்தார். ஐப்ரோ 50. ஃபேஷியல் 1,200.

பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாத்துக்குச் சிரிக்கிற, கிட் விலை இன்னா ஆவுதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று சித்தி கேட்டார்.